உறையிழந்த பேஸ் டிரம்: 1966 லட்விக் செட்டுக்கு மாற்று உறை தேர்ந்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

செட்டின் நிலை

பழைய டிரம்களைச் சீரமைக்கும் எங்களிடம் மூன்று டிரம்கள் வந்தன: 22க்கு 14 அங்குல (விட்டம், ஆழம்) பேஸ் டிரம், அதன் மேலே பொருத்தும் 13க்கு 9 டாம், தரையில் கால்களில் நிற்கும் 16க்கு 16 ஃப்ளோர் டாம். அமெரிக்க டிரம் தயாரிப்பாளரான லட்விக் நிறுவனம் 1960களில் ‘சூப்பர் கிளாசிக்’ என்ற பெயரில் விற்ற அளவுகள் இவை. அதனுடன் சேர்ந்து வந்திருக்க வேண்டிய உலோக ஸ்நேர் டிரம் எப்போதோ பிரிந்து போய்விட்டது. மூன்றிலும் நிறுவனப் பெயர் பொறித்த கீஸ்டோன் பேட்ஜ் இருக்கிறது. உள்பக்கம் மரம் தெரியும்படி தெளிந்த பூச்சு; மேலும் கீழும் மேப்பிள் வலுவூட்டு வளையங்கள். இரு டாம்களிலும் சிவப்பு மையில் 1966 என்று தேதி முத்திரை தெளிவாக இருந்தது. பேஸ் டிரம்மில் அது பாதி அழிந்திருந்தது. முத்திரையே இல்லாவிட்டாலும் காலத்தை ஓரளவு கணித்திருக்கலாம். லட்விக் 1960களின் தொடக்கத்தில் உள்பக்கத்துக்கு வெள்ளை வண்ணம் அடித்தது; 1968 வாக்கில் புள்ளி புள்ளியான சாம்பல் பூச்சுக்கு மாறியது. தெளிந்த பூச்சு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது.

டாம்கள் இரண்டிலும் ராப் எனப்படும் பிளாஸ்டிக் உறை முழுதாக இருந்தது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அது ‘ப்ளூ ஸ்பார்க்கிள்’, அதாவது மினுக்கும் நீலம். இப்போது அதை நீலம் என்று சொல்ல மனம் வராது. ஏரித் தண்ணீரைப் போன்ற பச்சை. பேஸ் டிரம்தான் சிக்கல். முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் அதன் உறையை உரித்துவிட்டு, தூரிகையால் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார். டாமைத் தாங்கும் பழைய ரெயில் தாங்கி இருந்த இடத்துக்கு அருகில், பிற்காலத்து இரட்டை டாம் தாங்கிக்காக ஒரு பெரிய துளையும் போட்டிருந்தார். ஆனால் பேஸ் டிரம்மின் இரண்டு மர வளையங்களும் அசல். கறுப்பு வளையத்தின் நடுவில் ஓடும் ஸ்பார்க்கிள் பட்டையும் அப்படியே இருந்தது. கடைசி முடிவில் இந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

உரிமையாளர் மேடையில் வாசிப்பவர். செட்டை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அவருடைய முதல் கோரிக்கை மூன்றையும் உரித்துவிட்டுக் கறுப்பு ஆய்ஸ்டர் உறை போட வேண்டும் என்பது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் அந்த நிற லட்விக்கின் பின்னால் உட்கார்ந்து வாசித்ததிலிருந்து, பழைய லட்விக் வைத்திருக்கும் பலருக்கு இந்த ஆசை ஒருமுறையாவது வந்து போகிறது. அவர் அனுப்பியிருந்த மாதிரிப் படமோ ஆய்ஸ்டர் அல்ல. கறுப்பு டயமண்ட் பேர்ல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். டயமண்ட் பேர்ல், ‘வெள்ளை மரீன் பேர்ல்’ என்ற முத்து நிற உறையின் கறுப்புத் தம்பி: சிறு சிறு முத்துத் துண்டுகள் நெருக்கமாக அடுக்கிய தோற்றம். ஆய்ஸ்டரில் சாம்பலும் வெள்ளையும் கலந்த அலைக்கோடுகள் கறுப்புக்குள் ஓடும்.

அந்தக் கோரிக்கையை நாங்கள் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுக்கு அருகில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அசல் உறைகளை, ஒரு டிரம்மின் குறைக்காக உரித்தெறிவதற்கு எந்த நியாயமும் இல்லை. சேகரிப்பாளர்கள் கீறலும் நிறமாற்றமும் உள்ள அசல் உறையைப் புதிதாக மின்னும் மாற்று உறைக்கு மேலாக மதிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். உரித்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். உரிமையாளர் இதை உடனே ஏற்றுக்கொண்டார். “அப்படியென்றால் பேஸ் டிரம்முக்கு மட்டும் பழைய நீலத்தைப் போட்டுவிடுங்கள்” என்றார். அது எளிய வேலை போலத்தான் ஒலித்தது.

நீலம் பச்சையானது எப்படி

ஸ்பார்க்கிள் உறை ஒற்றைத் தகடு அல்ல. அடியில் ஒரு தாங்கு அடுக்கு, அதன்மேல் நிறமேற்றிய மினுக்குத் துகள்கள், அவற்றை மூடிய தெளிந்த பிளாஸ்டிக் என்று வரிசை போகும். வயதாகும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் மேலே உள்ள தெளிந்த பகுதிதான். வெளிச்சத்தில், முக்கியமாகப் புற ஊதாக் கதிரில், அது மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே நீலத்தைப் பார்த்தால் பச்சை தெரியும். வெள்ளி ஸ்பார்க்கிள் இஞ்சி பானத்தின் நிறத்துக்குப் போவதும் இதனால்தான். வெள்ளை மரீன் பேர்ல் பழைய பியானோக் கட்டையின் நிறத்தை அடைவதில் உறைப் பொருளே மஞ்சளாவதும் சேர்ந்துகொள்கிறது.

டாமின் லக் (தோலை இறுக்கும் திருகு பொருந்தும் உலோகத் துண்டு) ஒன்றைக் கழற்றினோம். அதன் அடியில், வெளிச்சம் படாத இடத்தில், லக்கின் வடிவத்திலேயே ஒரு நீலத் திட்டு பளிச்சென்று இருந்தது. பேட்ஜின் ஓரத்திலும் ஒரு மெல்லிய நீலக் கோடு தெரிந்தது. பேஸ் டிரம்மிலிருந்து இன்னொரு சாட்சியம் கிடைத்தது. அந்தக் காலத்து லட்விக் கூடுகளில் (டிரம்மின் மர உடல்களில்) உறையின் முனையை வெளி அடுக்கின் சாய்ந்த இணைப்புக்குள் செருகி, மரத்தோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். உறையை உரிப்பவர் அந்த இடத்தில் பிளேடால் வெட்டித்தான் எடுக்க முடியும். இங்கும் அப்படித்தான் நடந்திருந்தது. கறுப்பு வண்ணத்தைச் சுரண்டியபோது, இணைப்புக்குள் புதைந்து கிடந்த அசல் உறையின் ஒரு கீற்று அகப்பட்டது. நிறம் சந்தேகமற்ற நீலம். காலிப்பரில் அளந்தபோது தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

ஆக, ஒரே செட்டில் இரண்டு அசல் நிறங்கள் இருந்தன. கீற்றும் லக்கின் அடித்திட்டும் 1966இன் நீலத்தைக் காட்டின. டாம்களும் பேஸ் டிரம் வளையப் பட்டையும் இன்றைய பச்சையைக் காட்டின. ‘அசல் நிறம் வேண்டும்’ என்று கேட்டால் எந்த ஆண்டின் அசல் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். உறைத் தேர்வில் பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. நிறுவனப் பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து அதே பெயருள்ள புதிய உறையை வாங்குகிறார்கள். அது சரியான உறையாகவே இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கும் டிரம்முக்கு அந்நியமாக இருக்கும்.

பரிசீலித்த வழிகள்

முதலில் யோசித்தது துணை டிரம்: அதே காலத்தில், அதே நிறத்தில், செட்டை இழந்து தனியாக நிற்கும் ஒரு 22 அங்குல பேஸ் டிரம். பழைய டிரம் சந்தையில் இப்படி அநாதையானவை வருவதுண்டு. கிடைத்தால் முதல் தேர்வு அதுதான். எந்த உறையும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஒவ்வொரு டிரம்மும் தனக்கு வாய்த்த ஜன்னலுக்கும் பெட்டிக்கும் ஏற்ப வயதாகியிருக்கும். பெட்டிக்குள்ளேயே கிடந்தது இன்னும் நீலமாக இருக்கும். ஜன்னலோரம் நின்றது பழுப்பையே தொட்டிருக்கும். எங்கள் கண்ணில் பட்டவை எதுவும் பொருந்தவில்லை. அதோடு, இந்தக் கூட்டின் முத்திரையில் மிஞ்சியிருப்பது மற்ற இரண்டின் முத்திரையோடு ஒத்துப்போகிறது. பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருந்த கூட்டை விட்டுவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவதில் உரிமையாளருக்கும் விருப்பமில்லை.

உறையே இல்லாமல் மரத்துக்கு மெருகிடுவது இரண்டாவது வழி. மெலிந்த மஹோகனி வெளி அடுக்கு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உறைக்கு உள்ளே மறையப்போகிறது என்ற எண்ணத்தோடு தேர்ந்த மரம் அது. ஒட்டும் முடிச்சும் நிறவேறுபாடும் உண்டு. இங்கே கூடுதலாகப் பெரிய துளை ஒன்றை அடைக்க வேண்டியிருந்தது. மெருகின் கீழ் அந்த அடைப்பு எப்போதும் தெரியும். உறையின் கீழ் தெரியாது.

வண்ணம் அடிப்பது மூன்றாவது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்ததைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

நான்காவது யோசனை புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பட்டியல் நீலத்தில் புதிய உறை வாங்கி, அதன்மேல் மஞ்சள் சாயம் கலந்த தெளிந்த அரக்கை (லாக்கர்) தெளித்தால், காலம் செய்ததையே நாமும் செய்துவிடலாம் அல்லவா? ஒளியியல்படி இது சரி. வேதியியல்படி சரியில்லை. இன்றைய உறைகளில் பல பிவிசி. அதை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் மென்மையாக்கிகள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து, மேலே உள்ள நைட்ரோசெல்லுலோஸ் அரக்கைப் பிசுபிசுக்க வைக்கும். கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: பிளாஸ்டிக் தாங்கியில் நீண்ட நாள் சாய்த்து வைத்த கிட்டாரின் மெருகு அந்த இடத்தில் இளகிப்போகும். அரக்கின் கரைப்பானும் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுருக்கக்கூடும். ஒரு துண்டில் செய்து பார்த்ததிலேயே மேற்பரப்பு கசங்கியது. அந்த வழியை அத்தோடு மூடிவிட்டோம்.

மீதி இருந்தவை இரண்டு: பட்டியல் நீலத்தில் புதிய உறை, அல்லது இன்றைய பச்சைக்கு நெருங்கிய ஏதாவது ஒரு உறை.

நிறத்துக்கு முன் தடிமன்

மாதிரித் துண்டுகளை வரவழைத்தோம். திரையில் பார்த்து உறை வாங்குவது வீண் வேலை. ஸ்பார்க்கிள் என்பதே கோணத்துக்குக் கோணம் மாறுவது, ஒரு படத்தில் எதைக் காட்ட முடியும்? துண்டுகள் வந்ததும் நிறத்தைப் பார்க்காமல் முதலில் காலிப்பரை எடுத்தேன். பல வேட்பாளர்கள் அந்த நிலையிலேயே கழிந்துவிட்டார்கள்.

பழைய டிரம் கூட்டைச் செய்யும்போதே உறைக்கு இடம் விட்டுத்தான் செய்வார்கள். பெயரளவு 22 அங்குலம் என்றால் விட்டம் 558.8 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 1,755 மி.மீ. உண்மைக் கூடு அதைவிடச் சற்றுச் சிறியது. மேலே உறை வந்து, அதற்கும் வெளியே தோலின் உலோக வளையம் தடையின்றி இறங்க வேண்டும். உறையின் தடிமன் விட்டத்தில் இரு மடங்காக ஏறும்: அரை மில்லிமீட்டர் உறை விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் இன்னும் ஓர் அரை மில்லிமீட்டர். தடித்த உறை போட்டால் தோல் இறுக்கமாக உட்கார்ந்து, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும்; டியூன் செய்யும்போது ஒரு லக் மட்டும் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய உறையில் தோல் தளர்வாக இருக்கும். அதையாவது சகித்துக்கொள்ளலாம்.

மெல்லிய உறைக்கு வேறு குறை உண்டு. பின்பக்கத்தில் பசை தடவியே வரும் கால் மில்லிமீட்டர் உறை, அடியில் உள்ள எல்லாவற்றையும் மேலே காட்டிக்கொடுக்கும். அடைத்த துளையின் வட்டம், இணைப்பு இடைவெளியில் பூசிய பட்டி, உப்புத்தாள் விட்ட பள்ளம் எல்லாம் மேடை வெளிச்சம் சாய்வாக விழும்போது தெரியும். ஸ்பார்க்கிளில் இது இன்னும் மோசம். பளபளப்பு அதிகமாக ஆகக் குறைகளும் தெளிவாகும். தடித்த ஒரு மாதிரியும் வந்தது. நிறத்தில் அதுதான் மிக நெருக்கம், ஆனாலும் அதை ஒதுக்கினேன். கீற்றின் தடிமனோடு ஒத்துப்போன அரை மில்லிமீட்டர் மாதிரிகளை மட்டும் நிறச் சோதனைக்கு எடுத்துக்கொண்டோம்.

நிறச் சோதனை

எந்த இடத்தோடு ஒப்பிடுவது என்பதே முதல் கேள்வி. டாமின் முன்புறமும் பின்புறமும் ஒரே பச்சை அல்ல. செட் நெடுங்காலம் ஒரே திசையில் வெளிச்சம் பார்த்து நின்றிருக்க வேண்டும். பேஸ் டிரம் வளையத்தின் பட்டையை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். புதிய உறைக்கு மிக அருகில், விரல் அகல இடைவெளியில் இருக்கப்போவது அதுதான். டாமுக்கும் பேஸ் டிரம்முக்கும் இடையே சிறு நிறவேறுபாட்டைக் கண் மன்னிக்கும். ஒரே டிரம்மில் வளையம் ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக இருந்தால் மன்னிக்காது. பட்டியல் நீலம் இந்த இடத்தில்தான் தோற்றது. தனியாகப் பார்த்தால் மிக அழகு. பச்சைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்ததும் பட்டை அழுக்காகத் தெரிந்தது. புதிய நீலமோ பொம்மைச் சாமானைப் போல விழித்தது. வளையப் பட்டைகளையும் மாற்றிவிட்டால் தீரும் என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளையாக அதை உரிமையாளரே மறுத்துவிட்டார்.

பச்சை கலந்த மாதிரிகளை மூன்று வெளிச்சங்களில் பார்த்தோம்: பகல் வெளிச்சம், இழை விளக்கின் மஞ்சள் வெளிச்சம், வெள்ளை எல்இடி. பகலில் கச்சிதமாகப் பொருந்திய ஒன்று எல்இடியின் கீழ் விலகியது. பழைய உறையில் பச்சை உண்டாவது நீலத் துகளும் மஞ்சள் மேலடுக்கும் சேர்ந்து. புதியதில் துகளே பச்சை நீலம், மேலடுக்கு நிறமற்றது. ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். விளக்கு மாறினால் பிரிந்துவிடும். முழுப் பொருத்தம் எந்த மாதிரியிலும் இருக்கப்போவதில்லை என்று அப்போதே உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். எந்த வெளிச்சத்தில் பொருந்த வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் வாசிப்பது பெரும்பாலும் உள்ளரங்கங்களில். மஞ்சள் வெளிச்சமும் எல்இடியும் முக்கியம், பகல் வெளிச்சத்துக்குக் கடைசி இடம் என்று வரிசைப்படுத்தினோம்.

இந்தச் சோதனையில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் முடிவு செய்தது துகளின் அளவு. சற்று வேறான நிறம், ஆனால் அதே அளவுத் துகள் கொண்ட உறை பத்தடி தூரத்தில் அசலின் உறவினர் போலத் தெரிந்தது. சரியான நிறம், ஆனால் துகள் பெரிதாக உள்ள உறை அதே தூரத்தில் போலி என்று கத்தியது. பேஸ் டிரம் செட்டின் மிகப் பெரிய பரப்பு. அதன் மினுக்கு டாமின் மினுக்கைவிடப் பெரிதாக இருந்தால், டிரம்களே வேறு வேறு தூரத்தில் நிற்பது போன்ற உணர்வு வருகிறது. இன்றைய துகள்களில் சில வானவில் நிறங்களைத் தெறிக்கும் ஹோலோகிராம் வகை. எல்இடியின் கீழ் அவை 1966ஐ ஒரே நொடியில் காணாமல் போகச் செய்துவிடும். பழைய ஸ்பார்க்கிளுக்கு மாற்று தேடும் யாரும் அவற்றின் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

இறுதியில் தேர்ந்தது, பகல் வெளிச்சத்தில் டாம்களைவிட ஒரு சாயல் நீலம் கூடுதலாகத் தெரியும் ஓர் உறை. துகள் அளவு மிக நெருக்கம், தடிமன் அரை மில்லிமீட்டர், மஞ்சள் வெளிச்சத்தில் வளையப் பட்டையோடு ஏறக்குறைய ஒன்றிவிடுகிறது. பேஸ் டிரம்முக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமாக, ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கினோம். அடுத்த தொகுதியின் நிறம் இதே போல இருக்கும் என்று நம்ப முடியாது.

ஒட்டுவதா, பிடிக்கவைப்பதா

கூட்டைத் தயார் செய்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வண்ணத்தைக் கரைப்பான் போட்டு எடுக்கவில்லை. அது அடுக்குகளுக்கு இடையே இறங்கிப் பழைய பசையைக் கெடுக்கலாம். சுரண்டு தகடும் உப்புத்தாளும்தான். வெளி அடுக்கு மெலிது என்பதால் மரம் தெரிந்ததும் நிறுத்தினோம். பெரிய துளையை மரத்துண்டு வைத்து அடைத்து, ஆறவிட்டு, சமமாகத் தேய்த்தோம். பட்டியை மட்டும் நம்பி அடைத்தால் அது நாளடைவில் சுருங்கி உறையின்மேல் குழியாகத் தெரியும். இணைப்புக்குள் இருந்த நீலக் கீற்றின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மீதியை அங்கேயே விட்டு மேலே பட்டி பூசினோம். பின்னால் யாராவது திறந்தால் அவருக்கும் ஒரு சாட்சியம் இருக்கட்டும்.

கான்டாக்ட் பசையைக் கூட்டின் மேலும் உறையின் பின்பக்கமும் பூசி, கைக்கு ஒட்டாத அளவு உலர்ந்த பிறகு சேர்ப்பது ஒரு முறை. நன்றாகப் பிடிக்கும், ஆனால் தொட்ட இடத்தில் பிடித்ததுதான், நகர்த்தித் திருத்த வாய்ப்பில்லை. நடுவில் மரக் குச்சிகளை வைத்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே உருளையால் அழுத்திப் போக வேண்டும். இன்னொரு முறை, உறையின் தொடக்க முனையையும் மேற்படியும் முனையையும் மட்டும் வலுவான இருபக்க ஒட்டுநாடாவால் பிடித்து, மற்றதை லக்குகளின் இறுக்கத்துக்கு விட்டுவிடுவது. முழுவதும் பசை போட்டால்தான் ஓசை சரியாக வரும் என்பாரும் உண்டு, பசை ஓசையைக் கொல்லும் என்பாரும் உண்டு. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விளிம்பின் வெட்டும் தோலும் டியூனும் செய்யும் வேறுபாட்டுக்கு முன்னால் இது எங்கே கேட்கப்போகிறது? தளர்ந்த உறை அதிர்ந்து இரைவது மட்டும் உண்மையான குறை.

நாடா முறையைத்தான் தேர்ந்தோம். மாற்று உறை என்றைக்கோ ஒருநாள் மறுபடியும் மாற்றப்படும். அன்று மெலிந்த மஹோகனி அடுக்கு பசையோடு சேர்ந்து பெயர்ந்து வரக் கூடாது. அதிர்வுக்குத் தடையாக இரு ஓரங்களிலும் சுற்றிலும் ஒரு குறுகிய நாடா வைத்தோம். உறையை விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே நிறுத்தினோம், அது விளிம்பின் வளைவில் ஏறி நிற்காதபடி. மேற்படியும் பகுதி 30 மி.மீ.; அங்கே கீழ் உறையின் பளபளப்பை நுண்ணிய உப்புத்தாளால் மங்கச் செய்த பிறகே நாடாவை ஒட்டினோம். இணைப்பு டிரம்மின் அடிப்பக்கம், இரு கால்களுக்கு நடுவில் வருகிறது.

துளைகளுக்கு உள்ளிருந்து ஊசியால் இடம் குறித்து, வெளியிலிருந்து கைத்துளைப்பானால் மெல்ல அகலப்படுத்தினோம். மின் துளைக்கருவியை உள்ளிருந்து ஒரேயடியாகச் செலுத்தினால் உறை வெளிப்பக்கம் சில்லாகப் பெயரும். பேட்ஜ் தனி வேலை. கீஸ்டோன் பேட்ஜைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள காற்றுத் துளையின் உலோகக் குழல்தான். அதை உள்பக்கத்திலிருந்து வெட்டி எடுத்து, பேட்ஜை வளைக்காமல் காப்பாற்றி, புதிய குழலால் மறுபடியும் இறுக்க வேண்டும். எங்கள் பழைய பேட்ஜில் முந்தையவர் சிந்திய கறுப்பு வண்ணம் இருந்தது. எழுத்துப் பள்ளங்களில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, தேய்த்து எடுக்க முயலவில்லை.

டாம்களைத் தொடாததற்கு இன்னொரு காரணம்

டாம்களின் உறையில் ஓரத்தில் சிறு விலகல் இருந்தது. உரித்து மறுபடியும் ஒட்டச் சொல்வார்கள், நாங்கள் செய்யவில்லை. பழைய உறை எந்தப் பிளாஸ்டிக் என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். வயதாகும்போது கற்பூரம் ஆவியாகப் போய் அது சுருங்கும், நொறுங்கும், இணைப்பில் வாய் பிளக்கும். சிதைவு முற்றினால் வெளிவரும் அமில வாயு அருகில் உள்ள குரோம் பூச்சையும் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நெருப்பை மிக வேகமாகப் பிடிக்கும். செல்லுலாய்டுத் தகடுகள் போக்குவரத்தில் இன்றும் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் வகையில்தான் வருகின்றன. செல்லுலோஸ் அசிடேட் அந்த அளவு ஆபத்தானதல்ல. சிதைந்தால் வினிகர் வாடை அடிக்கும். மறைவான ஓரத்தைத் துணியால் தேய்த்து முகர்ந்தால் கற்பூரமா வினிகரா என்று சில சமயம் தெரியும்.

தெரியாதவரை அதை நைட்ரோசெல்லுலோஸ் என்றே நினைத்து நடப்பது நல்லது. பழைய உறையை உரிக்கப் பலர் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுக்கிறார்கள். அடியில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்றால் அது விளையாட்டல்ல. டாமின் விலகிய ஓரத்தை வெப்பமே இல்லாமல், மெல்லிய தகட்டால் சிறிது பசை செலுத்தி, துணி சுற்றிய பட்டையால் இறுக்கிக் கட்டிவைத்ததோடு முடித்துக்கொண்டோம்.

விளைவு

லக்குகளும் வளையங்களும் ஏறிய பிறகு தோல் இரு பக்கமும் கையால் சுழற்றும் அளவு தளர்வாக உட்கார்ந்தது. மேற்படியும் இடத்திலும் பிடிப்பு இல்லை. விரலால் சுற்றிலும் தட்டிப் பார்த்ததில் எங்கும் இரைச்சல் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் மூன்றும் ஒரே செட். எல்இடியில் பேஸ் டிரம் சற்றுக் குளிர்ந்த நிறமாகத் தெரிகிறது. தெரிந்தவர் சொன்னால் மற்றவர் கவனிப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வேறுபாடு வெளிப்படையானது, அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

இந்தப் பொருத்தம் நிலையானதும் அல்ல. டாம்களின் மேலடுக்கு இன்னும் மஞ்சளாகலாம். புதிய பிவிசி வேறு விதமாக, வேறு வேகத்தில் வயதாகும். அதனால் செட்டை வாசிக்காத நேரத்தில் மூடி வைக்கும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம். மீந்த உறையைச் சுருட்டாமல் தட்டையாக, வெளிச்சம் படாதபடி சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டோம். பிற்காலத்தில் வளையப் பட்டை விரிசல் விட்டால் அதற்கு வேண்டிய நீளம் அதில் இருக்கிறது. உறையின் தடிமன், பொருள், நாடா வைத்த இடங்கள், அடைத்த துளை, இணைப்புக்குள் விட்டிருக்கும் கீற்று ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பேஸ் டிரம்மின் உள்ளே தேதி முத்திரைக்கு அருகில் பொருத்தியிருக்கிறோம். எடுத்து வைத்த நீலத் துண்டும் அந்தத் தாளோடு இருக்கிறது.